மூன்றாவது பத்தி

இரவு பதினொன்றரைக்கு
சாப்பாட்டு மேசையில் ரசம் சிந்தாத பக்கமாக
மடிக்கணினியை வைத்துக்கொண்டு
திருமாறன் இரண்டு மாநிலங்களை
எடை போட்டுக்கொண்டிருக்கிறான்.
டெக்சஸ் ஒரு பத்தி.
மின்னசோட்டா ஒரு பத்தி.
மேலே, தடித்த எழுத்தில்: வாழ்க்கைத் தரம்.

ஒன்றில் வருமான வரி கிடையாது,
வீட்டு வரியில் பிடுங்கிக்கொள்வார்களாம்.
மற்றதில் ஏரிகள் எண்ணி மாளாது,
பனிக்காலத்தில் அவற்றின் மேல்
வண்டியே ஓட்டலாமாம்.
நம் பெள்ளந்தூர் ஏரி மேலும்
வெள்ளையாய் ஏதோ மிதந்ததே என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
வெயில் நாட்களை நிரப்பிக்கொண்டிருந்தான்.

மிருதுளாவுக்குப் பள்ளி: ஒன்பது, ஏழு.
திருட்டு. துப்பாக்கி. சூறாவளி.
இட்லி அரிசி விற்கும் கடைக்கு எத்தனை மைல்.
முருகன் கோயிலுக்கு எத்தனை மைல்.
இதற்கு மட்டும் இரட்டை மதிப்பெண்,
அவன் அம்மா தொலைபேசியில் கேட்டுக்கொண்டபடி.

கக்கதாசபுரம் மூன்றாம் மாடிக்குக் கீழே
தண்ணீர் லாரி பின்னால் வந்து வந்து
சந்தில் திரும்பப் பார்க்கிறது.
"எழுபத்தொன்று. அறுபத்தெட்டு.
மின்னசோட்டாதான்" என்கிறான்,
தேர்வு எண்ணைச் செய்தித்தாளில் கண்டவன் போல.

என் விரல்களில் இன்னும்
ஸ்கேன் ஜெல்லின் வழவழப்பு.
பதினோரு வருடமாக இந்த ஊரில்
பிறர் தோள்களை, முட்டிகளை
மடக்கி நீட்டுகிறேன்.
நோவு, நொப்பி, தர்த், வேதனை:
எல்லோர் வாயிலும் வலியைக் கற்றாயிற்று.
ஆங்கிலத்தில் சொல்பவர்கள்
ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்கிறார்கள்.

ஒரு வரிசை சேர்க்கச் சொன்னேன்.
"என்ன பேர்?"
"தாட்சாயணி வேலை."

நியாயமானவன். மறுக்கவில்லை.
என் விசாவில் வேலை செய்யக் கூடாது.
கூடுமென்றாலும் என் உரிமம் அங்கே
வெறும் சட்டம் போட்ட காகிதம்.
டெக்சஸ், பூஜ்யம்.
மின்னசோட்டா, பூஜ்யம்.

கூட்டுத்தொகை அசையவில்லை.
பூஜ்யத்தைக் கூட்டினால் எது அசையும்?
"ரெண்டுக்கும் பொதுன்னா
ஒப்பீட்டுல கழன்றுடும், தாட்சா."
கணக்கில் அது சரி.

அவன் தூங்கிய பிறகு
மூன்றாவதாக ஒரு பத்தி திறந்தேன்.
பெங்களூர்.
தண்ணீருக்கு இரண்டு போட்டேன்.
சாலைக்கு ஒன்று போட்டு,
சில்க் போர்டை நினைத்து அதையும் அழித்தேன்.
காற்றுக்கு நான்கு. பள்ளிக்கு ஆறு.
தாட்சாயணி வேலை: ஒன்பது.
பத்தாவது மதிப்பெண்ணைப் பிடித்துவைத்தேன்,
என்னை மசாஜ் மேடம் என்றழைக்கும்
பெரிய டாக்டருக்காக.

நாற்பத்து மூன்று.

என் ஒன்பதையும் சேர்த்துத்தான்.
முருகனுக்குத் தந்ததுபோல்
எனக்கும் இரட்டை போடலாமா என்று
அந்தக் கட்டத்தில் சுட்டி கொஞ்ச நேரம்
கண் சிமிட்டிக்கொண்டு நின்றது.
போடவில்லை.
போட்டாலும் தோற்கத்தான் போகிறது.

காலையில் சித்தராஜு வந்திருந்தார்.
பெயின்டர், சாரத்திலிருந்து விழுந்தவர்.
போன வாரம் எண்பத்தைந்து டிகிரிக்கு மேல்
தூக்க முடியாத கை.
இன்று நூற்றுப்பத்து.
"சட்டையை நானே மாட்டிக்கிட்டேன் மேடம்"
என்றார் கன்னடத்தில்,
பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தார்.

தூக்கிய கையை அப்படியே நிறுத்தச் சொன்னபோது
மேலங்கிப் பையில் கைபேசி அதிர்ந்தது.
திருமாறன்:
"மூணாவது பத்தி பார்த்தேன்.
பள்ளிக்கு ஆறு ரொம்ப அதிகம்."

ஒன்பதைப் பற்றி எதுவும் இல்லை.
மேலே தள்ளிப் பார்த்தேன், கீழே தள்ளிப் பார்த்தேன்.

"எத்தனை எண்ணணும் மேடம்?"
கை நடுங்கத் தொடங்கியிருந்தது.
"பத்து.
அவசரப்படாம எண்ணுங்க."